குடி எத்தனை வயதைக் கூட்டுகிறது? சாட்சிகளை எடைபோடுதல்

2022 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு ஒரே வாரத்தில் உலகப் பத்திரிகைகளை ஒரு சுற்று சுற்றியது. குடி டி.என்.ஏ.வுக்கே வயதேற்றுகிறது என்பது செய்தி. ஆன்யா டோப்பிவாலாவும் சக ஆய்வாளர்களும் ‘மாலிக்யூலர் சைக்கியாட்ரி’ இதழில் எழுதிய அந்தக் கட்டுரைக்கு ஆதாரம் 2,45,354 பேரின் ரத்த மாதிரிகள். வாரம் 29 யூனிட்டுக்கு மேல் குடிப்பவர்களையும் 6 யூனிட்டுக்குள் நிறுத்திக்கொள்பவர்களையும் ஒப்பிட்டால், வெள்ளையணுக்களின் குரோமோசோம் நுனியில் ஓரிரண்டு ஆண்டு வயது வித்தியாசம் தெரிந்தது. குடிநோய் என்று மருத்துவப் பதிவேட்டில் ஏறியவர்களுக்கு வித்தியாசம் 3 முதல் 6 ஆண்டு.

எண்கள் சரி. ஆனால் அந்த எண்களிலிருந்து ‘என் உடம்புக்கு மூன்று வயது கூடிவிட்டது’ என்று ஒருவர் முடிவுகட்டலாமா? ‘நான் அவ்வளவு குடிப்பதில்லை, எனக்கு ஒன்றுமில்லை’ என்று இன்னொருவர் நிம்மதியடையலாமா? இரண்டுக்குமே என் பதில் வேறு. அதற்கு முன் சாட்சிகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றியாக வேண்டும்.

முதலில் யூனிட். பிரிட்டன் கணக்கில் ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால், எடையில் 8 கிராம். நம்மூர் 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், பெருக்கினால் 77 மில்லி, அதாவது ஏழே முக்கால் யூனிட். தண்ணீரா சோடாவா என்பது இந்தக் கணக்கில் வராது. தினம் ஒரு குவார்ட்டர் போடுபவர் வாரத்துக்கு 54 யூனிட் குடிக்கிறார். திங்கட்கிழமை தொடங்கினால் வியாழன் இரவே ஆக்ஸ்ஃபோர்டுகாரர்களின் 29 யூனிட் கோட்டைத் தாண்டிவிடுவார். பீர்தானே என்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு: 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலே 5 யூனிட்டுக்கு மேல். 2016 முதல் பிரிட்டிஷ் அரசு சொல்லும் குறைந்த அபாய வரம்பு வாரம் 14 யூனிட், ஏறத்தாழ இரண்டு குவார்ட்டர். ‘சோஷியல் டிரிங்கிங்’ என்று நாம் சாவகாசமாகச் சொல்வதில் பாதி இந்த வரம்புக்கு வெளியேதான் நிற்கும்.

இப்போது டெலோமியர். குரோமோசோமின் இரு முனைகளிலும் ஆறெழுத்து மரபுக் குறி ஒன்று ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். செல் பிளக்கும் ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் தேயும். இந்த முனை எப்படிக் குரோமோசோமைக் காக்கிறது என்று கண்டுபிடித்ததற்கே எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் கிடைத்தது. வயதாக ஆக டெலோமியர் குறுகும், உண்மைதான். ஆனால் இதை வயதுமானியாகப் பிடிப்பதில் ஒரு சிக்கல். நடுவயதில் ரத்த அணுக்களின் டெலோமியர் ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 30 எழுத்திணைகள் அளவுக்குத்தான் தேய்கிறது; ஒரே வயதுள்ள, ஆரோக்கியமான இரண்டு பேருக்கிடையே இருக்கும் வித்தியாசமோ ஆயிரக்கணக்கில் போகும். ஆகவே இரண்டு லட்சம் பேரைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ‘மூன்று ஆண்டு’ தெளிவாகத் தெரியும். தனி மனிதரின் ரத்தத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. நீளமான டெலோமியர் என்றால் நல்லது என்பதும் பாதி உண்மை. மரபியல் ஆய்வுகளில் நீண்ட டெலோமியர் வாய்த்தவர்களுக்கு இதயநோய் குறைந்தாலும் சில புற்றுநோய்கள் கூடுகின்றன. ஒருவகையில் செல்லின் பெருக்கத்துக்கு டெலோமியர் ஒரு கடிவாளம்.

அடுத்து, அந்த இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் யார்? யுகே பயோபேங்க் என்ற மாபெரும் திட்டத்தில் 2006 முதல் 2010 வரை சேர்ந்த 40 முதல் 69 வயதுக்காரர்கள். சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு போனது; வந்தவர்கள் 5.5 சதவீதம். வராதவர்களைவிட இவர்கள் வசதியானவர்கள், குறைவாகப் புகைப்பவர்கள், ஆரோக்கியமானவர்கள். நொந்து நூலான குடிகாரர் இப்படி ஓர் ஆய்வு மையத்துக்கு நேரம் ஒதுக்கி வரமாட்டார். வந்தவர்களிடமும் குடியின் அளவைத் தொடுதிரையில் கேட்டுத்தான் பதிவு செய்தார்கள். குடிப்பவர் தன் அளவைக் குறைத்துச் சொல்வார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இதோடு நின்றிருந்தால் அந்தக் கட்டுரையை இந்த அளவுக்கு எடுத்துப் பேச வேண்டியதில்லை. அதன் பலம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. குடிக்கும் அளவைப் பாதிக்கும் மரபணு வேறுபாடுகள் சிலவற்றை நாம் பிறவியிலேயே கொண்டுவருகிறோம். அவை பெற்றோரிடமிருந்து குலுக்கல் முறையில் வருபவை. நம் வேலை, வருமானம், சிகரெட் எதையும் கேட்டு வருவதில்லை. ஆக, அதிகம் குடிக்கத் தூண்டும் மரபணு வாய்த்தவர்களுக்கு டெலோமியரும் குறுகியிருந்தால், பழி குடிமேல்தான் விழ வாய்ப்பு அதிகம். மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்று இதற்குப் பெயர். இந்த வழியில் பார்த்தபோது, வாரம் 10 யூனிட்டிலிருந்து 32 யூனிட்டுக்குப் போவது, அதாவது கூடுதலாக மூன்று குவார்ட்டர், டெலோமியரில் 3 ஆண்டு முதுமைக்குச் சமம் என்று வந்தது. கேள்வித்தாள் வழியே வந்த ஓரிரண்டு ஆண்டைவிட இது கூடுதல். எனக்கு இது முரணாகத் தோன்றவில்லை. மரபணு வாழ்நாள் முழுவதற்குமான குடியைப் பேசுகிறது, கேள்வித்தாளோ அந்த வருடத்துக் குடியை.

அதே கட்டுரையில் இன்னொரு வரி உண்டு: வாரம் 17 யூனிட்டைத் தாண்டியவர்களிடம் மட்டுமே இந்த உறவு உறுதியாகத் தெரிந்தது. செய்தித்தாள்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. ஆனால் ‘17 வரை பாதுகாப்பு’ என்று படித்துக்கொள்வதும் தப்பு. 17க்குக் கீழே விளைவு இல்லை என்று நிரூபணமாகவில்லை. இருந்தால் அதைப் பிடிக்கும் கூர்மை கருவிக்கு இல்லை, அவ்வளவுதான். தவிர, மரபணு வழியில் இப்படி வளைகோடு வரையும் கணக்குமுறைகளே வைட்டமின் டி ஆய்வுகளில் தவறான முடிவைத் தந்து சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கின்றன.

டெலோமியருக்குப் பிறகு புகழ்பெற்ற சாட்சி எபிஜெனடிக் கடிகாரம். டி.என்.ஏ.வின் சில இடங்களில் மீத்தைல் என்ற வேதிக்குறி ஒட்டிக்கொள்ளும். வயதோடு அது சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் 353 இடங்களை வைத்து, ஒருவருடைய வயதை வியக்கத்தக்க துல்லியத்தோடு ஊகிக்கும் சூத்திரத்தைத் தந்தார். அடுத்து மார்கன் லெவின் குழு 2018இல் தந்தது ஃபீனோஏஜ், 2019இல் வந்தது கிரிம்ஏஜ். 2022இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த தரவிலிருந்து முதுமையின் வேகத்தையே அளக்கும் கணக்கு ஒன்றும் வந்தது.

குடிநோயாளிகளிடம் இந்தக் கடிகாரங்கள் வேகமாக ஓடுகின்றன. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், குடிநோயாளிகளின் ஃபீனோஏஜ் மற்றவர்களைவிட 2.2 ஆண்டு முன்னால் இருந்தது. ஆனால் குறைவாகக் குடிப்பவர்கள் பக்கம் வந்தால் சாட்சி உளறத் தொடங்குகிறது. 2015இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், அதிகம் குடித்தவர்களைப் போலவே மிகக் குறைவாகக் குடித்தவர்களுக்கும் கடிகாரம் வேகமாக ஓடியது. அளவாகக் குடித்தவர்களுக்கே மெதுவாக ஓடியது. குடிக்காமலிருப்பது முதுமையைத் தருகிறது என்று இதைப் படிக்க முடியுமா?

கடிகாரங்களைப் பற்றி என் முதன்மையான புகார் இங்கேதான். 2022இல் ‘நேச்சர் ஏஜிங்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை அளந்து பார்த்தது. சில கடிகாரங்களில் இரண்டு விடைகளுக்கும் இடையே 9 ஆண்டு வரை வேறுபாடு. ரத்தம் ஒன்று, நாளும் ஒன்று, ஆனாலும் 9 ஆண்டு. பிறகு கணக்கைத் திருத்தி இந்தத் தடுமாற்றத்தைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிரிம்ஏஜுக்கு வேறொரு குறை. அதன் சூத்திரத்துக்குள்ளேயே ஒருவர் எவ்வளவு புகைத்தார் என்பதன் சாயல் சேர்க்கப்பட்டிருக்கிறது. குடிப்பவர்களில் புகைப்பவர்கள் அதிகம். குடியின் கணக்கில் சிகரெட்டின் கடனும் ஏறிவிடுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதை ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரையில் ஓரமாகத்தான் பார்க்க முடிகிறது. மீத்தைல் குறியை உடல் தயாரிப்பது ஃபோலேட் என்ற பி வகை வைட்டமின் ஓடும் பாதையில். ஆல்கஹால் அந்தப் பாதையிலேயே கை வைக்கிறது. நெடுநாள் குடிப்பவர்களுக்கு ஃபோலேட் குறைவது மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி. டி.என்.ஏ.வில் குடியின் அளவுக்கேற்ப மீத்தைல் மாறும் 144 இடங்களை ஒரு சர்வதேச ஆய்வுக்குழு 2018இல் பட்டியலிட்டது. வெள்ளையணு வகைகளின் விகிதத்தையும் குடி மாற்றும். ஆக, கடிகாரத்தின் முள் நகர்ந்தால் அது முதுமையால் நகர்ந்ததா, மீத்தைல் வேதியியலையே குடி குழப்பியதால் நகர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்துபவரையே எடைபோடச் சொல்வது போலாகிறது.

‘அப்படியானால் அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய பேச்சு?’ என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டியதுதான். ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்த வாதத்தைத்தான் அதிகம் கையிலெடுக்கிறார்கள். குடிக்காதவர்களைவிடக் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் நீண்டநாள் வாழ்வதாகப் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டின. 1988இல் பிரிட்டனின் ஜெரால்ட் ஷேப்பர், 40 முதல் 59 வயதான 7,735 ஆண்களின் தரவை வைத்து ஒரு நேரான கேள்வி எழுப்பினார்: குடிக்காதவர் என்று நாம் எண்ணுபவர்களில் எத்தனை பேர், உடம்பு கெட்டபின் குடியை விட்டவர்கள்? நோயாளிகளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ‘பார், குடிக்காதவன் சீக்கிரம் சாகிறான்’ என்றால் என்ன நியாயம்? கனடாவின் டிம் ஸ்டாக்வெல்லும் சக ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்தினார்கள். 2023இல் 107 ஆய்வுகளை, 48 லட்சம் பேரை ஒன்றுசேர்த்து, ஒப்பீட்டுக் குழுவைச் சரிசெய்து பார்த்தபோது, குறைந்த குடியின் ஆயுள் லாபம் உறுதியாகத் தெரியவில்லை.

இந்தப் பழைய வாதத்தை உண்மையில் வீழ்த்தியது சீனத் தரவு என்பேன். சைனா கடூரி பயோபேங்க், 2004 முதல் 2008 வரை சீனாவின் 10 பகுதிகளில் 5,12,715 பேரைச் சேர்த்தது. கிழக்காசியர்களிடம் இரு மரபணு வேறுபாடுகள் பரவலாக உண்டு. அவற்றில் ஒன்று, ஆல்கஹாலிலிருந்து உடலில் உண்டாகும் அசிட்டால்டிஹைடைச் சிதைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. அது உள்ளவர்களுக்கு ஒரு கோப்பையிலேயே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், அதனாலேயே குடிக்கமாட்டார்கள். கேள்வித்தாளை நம்பினால், வாரம் 100 கிராம் அளவில் குடித்த சீன ஆண்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் குறைவாகத் தெரிந்தன, அதே பழைய வளைகோடு. மரபணுவை நம்பினால் வளைகோடு மறைந்தது. குடி ஏற ஏறப் பக்கவாதம் நேராக ஏறியது. வாரம் 280 கிராம் கூடினால் மூளையில் ரத்தம் கசியும் பக்கவாதம் 58 சதவீதமும், அடைப்பால் வரும் பக்கவாதம் 27 சதவீதமும் கூடின. மாரடைப்பில் லாபமும் இல்லை, நட்டமும் உறுதியாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த மரபணுவே வேறு ஏதோ வழியில் நோயைத் தந்திருக்கலாமே? இந்தச் சந்தேகத்தைச் சீனப் பெண்கள் தீர்த்தார்கள். அவர்களில் 2 சதவீதம் பேர்தான் வாராவாரம் குடிப்பவர்கள். மரபணு அதே, குடி இல்லை. அவர்களிடம் மரபணுவுக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. 2019இல் ‘லான்செட்’டில் வந்த இந்த ஆய்வளவுக்கு இந்தத் துறையில் எனக்கு மனநிறைவு தந்தது வேறில்லை.

நொதியைச் செயலிழக்கச் செய்யும் அந்த வேறுபாடு தமிழர்களிடமும் பிற தென்னிந்தியர்களிடமும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். முகம் சிவந்து எச்சரிக்கும் பாதுகாப்பு நமக்கு வாய்க்கவில்லை. ‘அளவான குடி’யின் லாபம் நம்மவர்களுக்கு எப்போதாவது தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை. 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், பிற நாட்டவரிடம் பாதுகாப்பு போலத் தெரிந்த குடி, தெற்காசியரிடம் அப்படித் தெரியவேயில்லை. 2007லேயே வந்த இந்த முடிவு, ‘டாக்டரே ஒரு பெக் போடச் சொன்னார்’ என்பவர்களின் காதில் இன்னும் விழவில்லை.

எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்ப்பு. 2024 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு ஒன்று, என்றுமே குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்களுக்கு மொத்த இறப்பு குறைவு என்று ‘மிதமான உறுதி’யோடு முடிவு சொன்னது. நோய்க்காகக் குடியை விட்டவர்களை ஒதுக்கிவிட்டுத்தான் பார்த்தார்கள், எனவே ஷேப்பரின் கேள்வி இங்கே பொருந்தாது என்பது அவர்கள் தரப்பு. இருந்தாலும் அவர்கள் நம்பியவை பெரும்பாலும் மனிதர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். அளவாகக் குடிக்கும் மேலைநாட்டு நடுவயதுக்காரர் சராசரியாகக் கூடுதலாகப் படித்தவர், கூடுதலாகச் சம்பாதிப்பவர். அந்த வசதியின் நிழலை முழுதாகக் கழித்துவிட முடியாது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தும் சோதனை மட்டுமே இதைத் தீர்க்கும். ஐம்பது வயதைக் கடந்த 7,800 பேரை வைத்து அப்படி ஒன்றை அமெரிக்கா தொடங்கியது. மது நிறுவனங்களிடம் பணம் வாங்கியதும், ஆய்வாளர்கள் முன்கூட்டியே அவர்களோடு பேசியதும் வெளியே வந்து 2018 ஜூனில் மூடப்பட்டது. ஸ்பெயினில் நவார்ரா பல்கலைக்கழகம் சுமார் 10,000 பேரை வைத்து இன்னொன்றை நடத்துகிறது. அதன் முடிவு எனக்கு எதிராக வந்தால் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். வரும்வரை மரபணுச் சாட்சியின் பக்கமே நிற்பேன்.

மூளைப் படம் ஒரு தனி வழக்கு. அதைக் கடிகாரங்களைவிட நான் மதிக்கிறேன், ஏனென்றால் சூத்திரமாக இல்லாமல் உறுப்பையே அளக்கிறது. 2022இல் 36,678 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தவர்கள், ஐம்பது வயதில் தினம் 1 யூனிட்டிலிருந்து 2 யூனிட்டுக்குப் போவது மூளையில் 2 ஆண்டு முதுமைக்கு நிகர் என்றார்கள். பூஜ்ஜியத்திலிருந்து 1க்குப் போவதில் பெரிய வேறுபாடில்லை. பூஜ்ஜியத்திலிருந்து 4க்குப் போனால் பத்தாண்டுக்கு மேல். குவார்ட்டர்காரர் தினம் ஏழே முக்காலில் இருக்கிறார். இதுவும் கவனித்து மட்டுமே பார்த்த ஆய்வுதான், மரபணுக் கண்ணாடி இங்கே இல்லை. ஆனால் அளவு கூடக்கூடக் கோடு செங்குத்தாகிக்கொண்டே போவது கவனிக்க வேண்டியது. உள்ளே என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். கேம்பிரிட்ஜில் கேத்தன் பட்டேலின் குழு 2018இல் எலிகளில் காட்டியபடி, அசிட்டால்டிஹைடு ரத்தத் தாயணுக்களின் குரோமோசோம்களை உடைக்கிறது. உடைத்ததை ஒட்டவைக்கும் வழிகள் உடலில் உண்டு. அளவு மீறினால் அவை போதாது.

ஆக, என் தீர்ப்பு இது. அதிகக் குடி உடலை முதுமையாக்குகிறது என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது. டெலோமியர், கடிகாரம், மூளைப் படம் மூன்றும் தனித்தனியே ஓட்டையுள்ளவை. ஆனால் வெவ்வேறு ஓட்டைகள் உள்ள மூன்றும் ஒரே திசையில் கைகாட்டுகின்றன, மரபணுவும் வழிமொழிகிறது. ‘அளவோடு குடித்தால் நல்லது’ என்ற வாதம் தள்ளுபடி. ‘வாரம் ஒன்றிரண்டு பெக் போட்டாலே செல்லுக்கு வயதாகிறது’ என்ற எதிர்வாதத்தையும் இந்தச் சாட்சிகளை மட்டும் வைத்து நான் ஏற்கமாட்டேன். அந்த அளவைத் தொட இவற்றுக்குக் கூர்மை போதாது. அந்த அளவில் எச்சரிக்கை வேண்டுமென்றால் அதற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது: ஆல்கஹாலை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகைப் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே அறிவித்துவிட்டது, மார்பகப் புற்றுநோயின் அபாயம் குறைந்த குடியிலேயே ஏறத் தொடங்குகிறது.

ஐம்பத்தைந்து வயதில் தினம் குடிக்கும் ஒருவர் பணம் கட்டி ‘உயிரியல் வயது’ பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வருகிற எண் அடுத்த முறை மாறியிருக்கும். வயதாக ஆக உடம்பில் நீர் குறைவதால், முப்பதில் தாங்கிய அதே கட்டிங் இப்போது ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது என்பது எந்தக் கடிகாரமும் இல்லாமலே தெரிந்த விஷயம். கல்லீரலின் ஜி.ஜி.டி., சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. போன்றவை சாதாரண லேபிலேயே கிடைக்கின்றன. வேறு நோய்களாலும் ஏறக்கூடியவை என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஆனால் இவை இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்: குடியை விட்டால் ஜி.ஜி.டி. சில வாரங்களிலும் எம்.சி.வி. சில மாதங்களிலும் இறங்கும். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவதில் மட்டும் ஆபத்து உண்டு. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். முதல் சில நாட்கள் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருப்பதே சரி.